நாலு பேர்

(கல்லறைத் திருநாளுக்கு முந்தைய வாரம் பங்குக் கூட்டத்தில் பேசியது)

அன்புக்குரிய பங்கு மக்களே, வணக்கம்.

போன மாதம் ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் என் கழுத்துச் சிலுவையைப் பார்த்துவிட்டு, "தம்பி, நீங்க இரட்சிக்கப்பட்டாச்சா?" என்று கேட்டார், எனக்கு மீட்பு கிடைத்துவிட்டதா என்று. அக்கறையோடுதான் கேட்டார், அந்த அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அதே நினைப்பு. என்னை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு அதற்கு எப்படிப் பதில் சொல்வது? அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

ஆண்டவர் கற்றுக்கொடுத்த செபத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். "எங்கள் தந்தையே" என்கிறோம். எங்கள் உணவு, எங்கள் குற்றங்கள், எங்களைச் சோதனைக்கு உட்படுத்தாதேயும். கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் செபித்தாலும் அதில் "என்" என்ற சொல்லுக்கு இடமே இல்லை. கார்த்தேஜ் ஆயர் புனித சிப்ரியான் மூன்றாம் நூற்றாண்டிலேயே இதைக் கவனித்து எழுதினார்: செபிக்கும்போது நாம் ஒருவருக்காகச் செபிப்பதில்லை, மக்கள் எல்லாருக்காகவும் செபிக்கிறோம், ஏனென்றால் நாம் எல்லாரும் ஒன்று.

சரி, மாற்கு நற்செய்தி இரண்டாம் அதிகாரத்துக்கு வாருங்கள். கப்பர்நாகூம் ஊர். வாசலில்கூட இடமில்லாத கூட்டம். முடக்குவாதக்காரர் ஒருவரை நாலு பேர் தூக்கி வருகிறார்கள். உள்ளே போக வழியில்லை. கூரைமேல் ஏறுகிறார்கள். அந்தக் காலத்துக் கூரை, மரக்கட்டைகளின் மேல் நாணலும் மண்ணும் பரப்பியது. அதைப் பிரித்தால் கீழே இருப்பவர்கள் தலையில் மண் கொட்டியிருக்கும். யாரோ ஒருவருடைய வீடு, நினைத்துப் பாருங்கள்! திறப்பு வழியாகப் படுக்கை இறங்குகிறது. இயேசு "அவர்களுடைய நம்பிக்கையைக் கண்டு" அவரிடம், "மகனே, உன் பாவங்கள் மன்னிக்கப்பட்டன" என்றார் என்று மாற்கு எழுதுகிறார். படுத்திருந்தவர் அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. நம்பிக்கை அவர்களுடையது, மன்னிப்பு இவருக்கு.

திருப்பலியில் சமாதானம் பகிர்வதற்கு முன் குருவானவர் கேட்பதும் இதுதான்: எங்கள் பாவங்களைப் பாராமல் உமது திருச்சபையின் நம்பிக்கையைப் பாரும் என்கிறார். கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறோமே, குழந்தைக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. பெற்றவர்களும் ஞானப் பெற்றோரும் தூக்கி வருகிறார்கள்.

உலகெங்கும் இருந்து ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964 நவம்பர் 21 அன்று வெளியிட்ட திருச்சபை பற்றிய ஏட்டில் இதை நேராகவே சொன்னது: ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத தனித்தனி ஆட்களாக மட்டும் மனிதரை மீட்கக் கடவுள் விரும்பவில்லை, ஒரே மக்களாகச் சேர்க்கவே விரும்பினார்.

"அப்படியானால் நான் சும்மா படுத்திருந்தால் போதுமா?" என்று மறைக்கல்வி வகுப்பில் ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. இயேசு அந்த மனிதரைச் சும்மா விட்டுவிடவில்லை. எழுந்து, படுக்கையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போ என்றார். அந்த அடியை அவரேதான் எடுத்து வைக்க வேண்டியிருந்தது. அப்புறம் ஒருநாள் அவரும் வேறு யாருடைய படுக்கைக்காவது ஒரு மூலையைப் பிடித்திருப்பார் என்று நான் நினைக்கிறேன். மாற்கு அதை எழுதவில்லை.

"கடைசியில் தூக்குறதுக்கு நாலு பேர் வேணும்" என்று நம் ஊரில் சொல்வோம். பெட்டியைக் குழிக்குள் இறக்கிய பிறகும் அந்த நாலு பேருக்கு வேலை இருக்கிறது, இறந்தவருக்காகச் செபிக்கிற வேலை, என்கிறது நம் விசுவாசம்.

387-ஆம் ஆண்டு. ரோமைக்குப் பக்கத்தில் ஓஸ்தியா துறைமுகம். புனித அகுஸ்தீனின் தாய் மோனிக்கா அம்மாள் காய்ச்சலில் கிடக்கிறார். சொந்த ஊர் கடலுக்கு அந்தப் பக்கம், ஆப்பிரிக்காவில். கணவர் கல்லறைக்குப் பக்கத்திலேயே தனக்கும் இடம் ஏற்பாடு செய்து வைத்திருந்தவர் அவர். சாகிற நேரத்தில் மகன்களிடம் என்ன சொன்னார்? இந்த உடலை எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள், அதற்காகக் கவலைப்படாதீர்கள், நீங்கள் எங்கே இருந்தாலும் ஆண்டவருடைய பீடத்தில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள், அது போதும் என்றார். மகன் அகுஸ்தீனைப் பல வருடம் கண்ணீரோடு சுமந்த தாய், இப்போது தன்னைச் சுமக்கச் சொல்லிக் கேட்கிறார்.

வருகிற நவம்பர் 2-ஆம் தேதி நாமும் கல்லறைத் தோட்டத்துக்குப் போகப் போகிறோம். எனக்கு எங்கள் பாட்டி ஞாபகம்தான் வருகிறது. இரவில் செபமாலை முடிந்து, பிள்ளைகளுக்குக் கண் சொக்குகிற நேரத்தில், "யாரும் நினையாத ஆத்துமாக்களுக்காக ஒரு பரலோக மந்திரம்" என்பார்; "எங்கள் தந்தையே" செபத்தைத்தான் அப்படிச் சொல்வோம். பாய் அப்புறம்தான் விரியும்.

கல்லறைத் திருநாளில் தாத்தாவுக்கு, பெரியப்பாவுக்கு என்று எல்லாருக்கும் மெழுகுதிரி ஏற்றிய பிறகும் கூடையில் ஒன்று மிச்சம் வைத்திருப்பார். ஒரு வருடம் தூறல் போட்டுக்கொண்டிருந்தது. அந்தத் திரியை ஒரு சிரட்டைக்குள் நட்டு, மதிலோரமாகப் புல் மண்டிக்கிடந்த ஒரு மேட்டுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். சிலுவை இல்லை, பெயர் இல்லை.

"இது யாரு பாட்டி?" என்றேன்.

காற்று படாமல் முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு, தீப்பெட்டியை என்னிடம் நீட்டினார். "யாருன்னு தெரியலப்பா. நம்ம ஆளுதான், ஏத்து."