ஒரு முட்டை 17 ஹிரிவ்னியா

வணக்கம் நேயர்களே. 2023 ஜனவரியில் உக்ரைன் தலைநகர் கீவில் ஒரு முட்டை, கடை விலைக்கு ஏறக்குறைய 7 ஹிரிவ்னியா (அந்த நாட்டு நாணயம்). அதே முட்டையை ராணுவ வீரர்களுக்காக 17 ஹிரிவ்னியாவுக்கு வாங்க அங்கே பாதுகாப்பு அமைச்சகம் ஒப்பந்தம் போட்டிருந்தது. ஒன்றிரண்டு வாங்குகிறவருக்கு 7, மொத்தமாக வாங்கும் அரசுக்கு 17! யூரி நிகோலோவ் என்ற பத்திரிகையாளர் இதை வெளியே கொண்டுவந்தார். படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. போர்முனையில் குளிரில் நிற்கும் பிள்ளையின் சாப்பாடு அல்லவா அது?

இத்தனைக்கும், அரசுக் கொள்முதலில் உலகமே பாராட்டிய ஏற்பாடு அந்த நாட்டுடையது. சோவியத் ஒன்றியம் 1991-இல் உடைந்த பிறகு, அதிகாரிக்கு வேண்டியவருக்கே டெண்டர் என்பது அங்கே வழக்கமாகிப்போனது. 2014-இல் மக்கள் எழுச்சியில் அதிபர் யானுகோவிச்சின் ஆட்சி போனதும், தன்னார்வலர்கள் சிலர் கூடி 'புரோசோரோ' என்ற இணைய ஏல முறையை உருவாக்கினார்கள். 2016 ஆகஸ்ட் முதல் எல்லா அரசு அலுவலகங்களுக்கும் அது கட்டாயமானது.

அது நடக்கும் விதத்தைக் கொஞ்சம் சொல்கிறேன். மூன்று சுற்று ஏலம். ஒவ்வொரு சுற்றிலும் வியாபாரிகள் விலையைக் குறைத்துக்கொண்டே வரலாம். மற்றவர் கேட்ட விலை திரையில் தெரியும், பெயர் தெரியாது. ஏலம் முடிந்ததும் பெயர், விலை, தோற்றவர் கொடுத்த ஆவணங்கள் உட்பட எல்லாம் திறந்துவிடும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். என்னைக் கேட்டால், இதன் உயிர்நாடி தோற்ற வியாபாரிதான். சந்தை விலை அவருக்கு அத்துப்படி. குறைந்த விலை சொல்லியும் தன்னை ஏன் ஒதுக்கினார்கள் என்று தோண்டிப் பார்க்க அவருக்குத்தான் அக்கறை இருக்கும்.

சரி, ஓட்டையே இல்லையா? உண்டு. ஒரே ஒரு நிறுவனத்துக்குப் பொருந்துகிற மாதிரி நிபந்தனை எழுதுவார்கள். ஒருவரே இரண்டு பெயரில் வந்து போட்டி போடுவார். ஆனால் அதுவும் பதிவில் இருக்கும், பிடிக்க வழி உண்டு.

அப்புறம் முட்டை மட்டும் எப்படி நழுவியது? போர் தொடங்கியதும் ராணுவக் கொள்முதல் இந்தத் திறந்த ஏலத்திலிருந்து விலக்கப்பட்டது. எந்த முகாமில் எத்தனை பேர் என்பதை மறைக்க வேண்டியதுதான், எதிரி பார்ப்பான். முட்டை விலையை மறைத்து எந்த எதிரியை ஏமாற்றுவது? 'தொழில்நுட்பத் தவறு' என்று அமைச்சர் சொன்ன விளக்கம் மக்களிடம் எடுபடவில்லை. அடுத்த மாதமே நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவந்தது: போர்க்காலமானாலும் உணவு போன்ற பொருட்களை என்ன விலைக்கு வாங்கினோம் என்று ராணுவம் வெளியிட்டாக வேண்டும். செப்டம்பரில் அந்த அமைச்சரும் மாற்றப்பட்டார்.