"பழகிப்போச்சு" என்று சொல்கிறோமே, மூளை பழகுகிறதா?

வணக்கம் நேயர்களே. தூக்கத்தைப் பற்றிப் பேச வரமுடியுமா என்று கேட்டபோது, நான் மருத்துவர் இல்லையே என்றுதான் முதலில் சொன்னேன். ஆனால் தாதியாக 28 வருஷம் வேலை பார்த்திருக்கிறேன், அதில் பாதிக்கு மேல் இரவு வேலை. தூக்கம் கெட்டால் என்ன ஆகும் என்பதை நோயாளிகளிடமும் பார்த்திருக்கிறேன், என்னிடமும் பார்த்திருக்கிறேன். அதனால் வந்துவிட்டேன்.

நம் ஆட்களிடம் ஒரு வார்த்தை உண்டு: பழகிப்போச்சு. டாக்சி ஓட்டும் அண்ணனைக் கேளுங்கள், 12 மணி நேரம் பாதுகாவல் வேலை பார்க்கும் மாமாவைக் கேளுங்கள், ராத்திரி ஒரு மணி வரை புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளையைக் கேளுங்கள், "அஞ்சு மணி நேரம் போதும், பழகிப்போச்சு" என்பார்கள். நானும் வருஷக்கணக்காக அப்படித்தான் சொன்னேன்.

ஒருநாள் விடியற்காலை நாலு மணி இருக்கும். வார்டில் எல்லாரும் தூங்குகிறார்கள், நான் ஒவ்வொரு கட்டிலாகப் போய்க் காய்ச்சல் பார்த்து எழுதிக்கொண்டு வருகிறேன். எனக்குக் கண் சொக்கவில்லை, கொட்டாவிகூட வரவில்லை, தெளிவாக இருப்பதாகத்தான் நினைத்தேன். அரைமணி கழித்து உடன் வேலை பார்த்த அக்கா ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினார். ஆறாம் கட்டில் பாட்டியின் 38.6 டிகிரி, ஏழாம் கட்டில் தாளில் என் கையெழுத்தில் இருக்கிறது. அடுத்த மருந்து போவதற்குள் அக்கா பார்த்துவிட்டார், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எழுதினது எனக்குச் சுத்தமாக நினைவில்லை. இன்றைக்கும் அந்தத் தாள் என் கண்முன் நிற்கிறது.

இதற்கு விளக்கம் ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குக் கிடைத்தது. 2003இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு. ஆரோக்கியமான பெரியவர்களைப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ராத்திரிக்கு 8 மணி நேரம், ஒரு பிரிவுக்கு 6, இன்னொரு பிரிவுக்கு 4 என்று 14 நாள் தூங்க விட்டார்கள். தினமும் கவனத்தையும் ஞாபகத்தையும் சோதித்தார்கள். குறைவாகத் தூங்கியவர்கள் நாளுக்கு நாள் மோசமானார்கள். கடைசியில் ஒரு ராத்திரி, இரண்டு ராத்திரி முழுக்கக் கண்விழித்தவர்கள் செய்கிற அளவுக்குத் தவறு செய்தார்கள். ஆனால் "தூக்கக் கலக்கமா இருக்கா?" என்று கேட்டால், முதல் சில நாளுக்குப் பிறகு அவர்கள் சொன்ன பதில் அவ்வளவாக மாறவே இல்லை. பழகிப்போனது தூக்கம் வருகிற உணர்வு மட்டும்தான். மூளை பழகவில்லை, அது பாட்டுக்குச் சரிந்துகொண்டே போகிறது, சரிவது நமக்குத் தெரியவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

வண்டி ஓட்டுபவர்கள் இதைத் தயவுசெய்து கவனியுங்கள். 24 மணி நேரம் தூங்காமல் இருப்பவரின் மூளை, ரத்தத்தில் 0.10 விழுக்காடு மது இருப்பவரின் மூளையைப் போலத் தடுமாறும் என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சிங்கப்பூரில் வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கிற எல்லையே 0.08தான்.

சரி, தூங்கும்போது மூளை அப்படி என்னதான் செய்கிறது? உணவங்காடி நிலையத்தில் கடைசிக் கடையும் மூடிய பிறகு பார்த்திருப்பீர்கள், மேசையைத் துடைத்து, தரையில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவித் தள்ளுவார்கள். ஆட்கள் உட்கார்ந்து சாப்பிடும்போது அதைச் செய்ய முடியாது. மூளையிலும் பகல் முழுக்கச் சேருகிற கழிவு உண்டு, அதில் ஒன்று பீட்டா அமிலாய்டு என்ற புரதம், அல்சைமர் நோயில் மூளைக்குள் கட்டிகட்டியாகப் படிவது இதுதான். 2013இல் மெய்க்கன் நெடர்கார்ட் என்பவரின் குழு எலிகளை வைத்துச் செய்த ஆய்வில், தூக்கத்தில் மூளை உயிரணுக்களுக்கு நடுவே உள்ள இடைவெளி 60 விழுக்காடு அளவுக்கு விரிந்து, அதன் வழியே திரவம் ஓடிக் கழிவை அலசிக்கொண்டு போவதைக் கண்டார்கள். மனிதர்களிடம் இது எந்த அளவுக்கு நடக்கிறது என்பதில் இன்னும் வாதம் ஓடுகிறது. ஆனால் 2018இல் 20 பேரை ஒரே ஒரு ராத்திரி விழித்திருக்க வைத்து ஸ்கேன் எடுத்தபோது, மூளையில் இந்தப் புரதம் கூடியிருந்தது. ஒரே ராத்திரியில்!

நம் ஊரிலேயே டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் சீன மூத்தோர் 66 பேரைச் சில வருஷம் தொடர்ந்து பார்த்து, 2014இல் முடிவை வெளியிட்டார்கள். மூளைக்குள் திரவம் நிறைந்த அறைகள் உண்டு, மூளை சுருங்கச் சுருங்க அவை பெரிதாகும். குறைவாகத் தூங்கியவர்களுக்கு அது வேகமாக நடந்திருந்தது. தூக்கக் குறைவுதான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் நாற்பது, ஐம்பது வயதில் தூக்கத்தைச் செலவில்லாத பொருள் மாதிரி வெட்டி எடுப்பவர்களிடம் நான் இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

பிள்ளைகள் விஷயம் இன்னும் எளிது. பகலில் படித்ததை மூளை முதலில் ஹிப்போகாம்பஸ் என்ற சின்னப் பகுதியில் தற்காலிகமாக வைக்கிறது, ஆழ்ந்த தூக்கத்தில் அதை மறுபடி ஓட்டிப் பார்த்து நிரந்தரமான இடத்துக்கு மாற்றுகிறது. ராத்திரி ரெண்டு மணி வரை உட்கார வைத்தால் அந்த வேலையைத்தான் நாம் தடுக்கிறோம். 2016இல் நன்யாங் பெண்கள் உயர்நிலைப் பள்ளி, தொடங்கும் நேரத்தைக் காலை 7:30லிருந்து 8:15க்குத் தள்ளி வைத்தது. மாணவிகள் கூடுதலாகத் தூங்கினார்கள், மனநிலையும் மேம்பட்டது என்று ஆய்வில் தெரிந்தது. எல்லாப் பள்ளிகளும் செய்தால் நான் சந்தோஷப்படுவேன்.

அப்புறம் கோப்பி. விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் என்ற பொருள் சேரும், அதுதான் தூக்கத்தைக் கொண்டுவருவது. கோப்பியில் இருக்கும் காஃபீன் அதை அகற்றாது, அது மூளையில் போய் ஒட்டுகிற வாசலை மட்டும் அடைக்கும். குடித்து ஐந்து மணி நேரம் போனாலும் அந்தக் காஃபீனில் ஏறக்குறைய பாதி உடம்பிலேயே இருக்கும். ராத்திரி எட்டு மணிக்குக் கோப்பிக் கடையில் பால் சேர்க்காத ஒரு கோப்பி ஓ குடித்துவிட்டு, ஒரு மணிக்குப் புரண்டு புரண்டு படுத்தால் குறை தலையணையில் இல்லை.

பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது வேண்டும். அவ்வளவு நேரம் படுத்தும் பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் அசந்தால், அதோடு பலத்த குறட்டையும், நடுவில் மூச்சு நின்று திடுக்கென்று விழிப்பதும் இருந்தால், பலதுறை மருந்தகத்தில் போய்ச் சொல்லுங்கள். அது ஆழ்ந்த தூக்கம் இல்லை, மூச்சு அடைபடுவது. சிகிச்சை இருக்கிறது.

இரவு வேலை செய்பவர்களுக்கு வேலையை விடு என்று நான் சொல்ல முடியாது, வீட்டு வாடகையும் பிள்ளையின் படிப்பும் அதில்தான் ஓடுகின்றன. அவர்கள் தூக்கத்தை வீட்டில் இருப்பவர்கள்தான் காப்பாற்ற வேண்டும். அந்தக் காய்ச்சல் தாள் விஷயத்தை வீட்டில் சொன்ன அன்றைக்கே என் கணவர் தேக்காவுக்குப் போய்க் கெட்டித் திரைத்துணி வாங்கி வந்து சன்னலில் மாட்டினார். அப்போது தொடக்கநிலை மூன்றில் படித்த என் மகள் ஒரு தாளில் "அம்மா தூங்குறாங்க, மணி அடிக்காதீங்க" என்று பெரிதாக எழுதி வாசல் இரும்புக் கதவில் ஒட்டினாள். பொட்டலம் கொண்டுவருபவர்கள்கூட அதைப் பார்த்துவிட்டு வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். தாள் கிழியக் கிழியப் புதிதாக எழுதி ஒட்டுவாள். நான் ஓய்வு பெறும் வரைக்கும் ஒட்டினாள்.