ஷிப்ட் முடிஞ்சு வந்த காதை நம்பாதீங்க

வணக்கங்க. இப்ப மணி காலையில ஆறேகால், ஞாயித்துக்கிழமை. மொட்டை மாடியில உக்காந்திருக்கறேன். பையன் இன்னும் எந்திரிக்கல. இன்னைக்கு எங்க தெருவுக்குத் தண்ணி வர்ற நாளு, நடுவுல குடம் சத்தம் கேட்டா பொறுத்துக்குங்க.

போன வீடியோவுக்குக் கீழ நெறைய பேரு கேட்டிருந்தீங்க, "அக்கா, பனியன் கம்பெனியில ஒன்றரை ஷிப்ட் பாத்துட்டு வந்து எப்பிடிக்கா மியூசிக் பண்றீங்க"ன்னு. நெசத்தச் சொல்லோணும்னா நடுவுல எட்டு மாசம் நான் பண்ணவே இல்லீங்க. மியூசிக் பண்ற லேப்டாப்ப பீரோவுல வெச்சுப் பூட்டிட்டேன். அது ஏன்னு சொல்லத்தான் இன்னைக்கு உக்காந்தேன்.

வாரம் ஒரு டிராக் முடிச்சே ஆகோணும்னு எனக்கு நானே ஒரு சட்டம் போட்டிருந்தேன். காலையில எட்டரைக்கு லைன்ல நின்னா ராத்திரி எட்டரை ஆயிரும். வந்து, சோறாக்கி, பையனத் தூங்க வெச்சு, பத்து மணிக்கு ஹெட்போன மாட்டுவேன். சில நாள் ஒரு மணி வரைக்கும். ஷிப்மெண்ட் நெருங்கற வாரத்துல லைன்ல பீஸ் ரிஜெக்ட் ஆகி நாள் பூரா பேச்சு வாங்கிட்டு வந்திருப்பேன், அந்தப் படபடப்போடவே உக்காந்து மிக்ஸ் பண்ணுவேன், அதாவது எந்தச் சத்தம் எவ்வளவு கேக்கோணும்னு சரி பண்ணுவேன். ராத்திரி கேக்கறப்ப எல்லாமே மங்கலா, போர்வைக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கும். ட்ரம்ஸ்ல சின்னத் தட்டுச் சத்தம் வருமே, அந்த ஹை-ஹாட்ட இன்னும் கொஞ்சம் ஏத்து, கூர்மையும் கனமும் தனித்தனியா ஏத்தி எறக்கற ஈக்யூல மேல இன்னும் கொஞ்சம் தூக்குன்னு ஏத்திக்கிட்டே போவேன். காலையில அதையே பையனுக்குப் போட்டுக் காட்டுனா ரெண்டு காதையும் பொத்திக்கறான். "அம்மா, கூசுது"ங்கறான். ஒரு தடவ இல்ல, நாலஞ்சு தடவ இப்பிடி. எனக்கு இதெல்லாம் வராது போலன்னு மூடி வெச்சுட்டேன்.

அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் டிவி பாத்துட்டு இருக்கறேன், எங்கம்மா வந்து "ஏங் கண்ணு இத்தன சத்தம் வெக்கற"ன்னாங்க. எனக்கு அது சாதாரணமாத்தான் கேட்டுது. படுத்தா காதுக்குள்ள ங்ஙீன்னு ஒரு சத்தம் வேற. பயந்துபோயி காது டாக்டருகிட்டப் போனேன். அவர் சொன்னதுதான் எனக்கு எல்லாத்தையும் மாத்துச்சுங்க. நாள் பூரா இரைச்சல்ல நின்னா உள்காதுல சத்தத்த வாங்கற மயிர்செல்லெல்லாம் சோர்ந்து போயிருது. 4,000 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 4,000 அதிர்வு, அந்தப் பக்கம் இருக்கற கூர்மையான சத்தந்தான் மொதல்ல மங்குது. நல்லாத் தூங்கி எந்திரிச்சா பெரும்பாலும் திரும்ப வந்துரும். ஆனா வருசக்கணக்கா இதே மாதிரி போச்சுன்னா திரும்பாமலே போயிரும்.

பாத்தீங்களா? ஹை-ஹாட்டும் அந்த மாதிரி கூர்மையான சத்தந்தான். எனக்குக் கேக்காத சத்தத்த நான் ஏத்திக்கிட்டு இருந்திருக்கறேன். திறமை இல்லைன்னு நான் அழுத அத்தன ராத்திரியும், சோர்ந்துபோன காத வெச்சு அளந்துட்டு இருந்திருக்கறேன்.

இதுல ஒரு கணக்குச் சொல்றேன், கொஞ்சம் கவனமாக் கேளுங்க. சத்தத்தோட அளவு டெசிபல். உலக சுகாதார நிறுவனம் சொல்றது, 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம் வரைக்கும் பாதுகாப்பாக் கேக்கலாம்னு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடறப்பவும் நேரம் பாதியாகும். 83-ன்னா 20 மணி நேரம், 86-ன்னா 10 மணி நேரம். எங்க லைன்ல ஓவர்லாக், பேட்லாக்குன்னு ரெண்டு வகைத் தையல் மெஷினும் சேந்து ஓடறப்ப போன் ஆப்ல பாத்தேன், 85-ஐ ஒட்டிக் காட்டுச்சு. போன் அளவு துல்லியமில்லைன்னே வெச்சுக்குங்க. அப்பவும் வாரத்துக்கு 72 மணி நேரம் நிக்கறோமுங்க. அதுக்கு மேல ராத்திரி ஹெட்போன்ல மூணு மணி நேரம் தட்டுனா காது எப்பத்தான் இளைப்பாறும்?

இப்ப வார நாள்ல நான் மிக்ஸ் பண்றதே இல்லீங்க. லைன்ல ஸ்பாஞ்சு இயர் பிளக் வெச்சுக்கறேன். உருட்டிச் சின்னதாக்கி உள்ள விட்டு, விரியற வரைக்கும் விரலால புடிச்சுக்கோணும். பக்கத்துல பேசறது இன்னும் கேக்கும். வேலைக்கு எடஞ்சல் இல்ல. ராத்திரி முப்பது நிமிசம் மட்டும் லேப்டாப்ப தொறப்பேன், அதுவும் கண்ணுக்கும் கைக்கும் வேலை இருக்கறதா. சாம்பிளுக்கு, அதாவது புடிச்சு வெச்ச சின்னச் சின்னச் சத்தத்துக்குப் பேரு போடறது, ஸ்க்ரீன்ல இருக்கற கட்டத்துல அடி வெக்கறது, எந்தப் பகுதிக்கு அப்புறம் எதுன்னு நகத்தறது. சத்தம் கிசுகிசுப்பு அளவுக்குத்தான். சில நாள் தூக்கம் சொக்கும், அன்னைக்கு அதக்கூட பண்ண மாட்டேன். காது வேலை பூரா ஞாயித்துக்கிழமை காலையில. இதோ, இப்ப.

ஒருத்தர் "இதெல்லாம் பெரிய ஊர்ப் பசங்களுக்கு, காசு இருக்கறவங்களுக்கு"ன்னு எழுதியிருந்தீங்க. நான் லேப்டாப்புல போட்டிருக்கறது எல்எம்எம்எஸ், மியூசிக் பண்ற இலவச சாப்ட்வேர். இன்னொன்னுங்க, நம்ம நாட்டுல மூக் சிந்தசைசர், அதாவது மின்சாரத்துலயே சத்தம் உண்டாக்கற கருவி வெச்சு மொதல்ல ஒரு ஸ்டுடியோ வந்தது 1969-ல, அகமதாபாத்துல, தேசிய வடிவமைப்பு நிறுவனத்துல. டேவிட் டியூடர்ங்கற அமெரிக்கர் வந்து அமைச்சுக் கொடுத்தாரு. அந்த நிறுவனத்த உருவாக்குன சாராபாய் குடும்பம் துணி மில்லு நடத்துனவங்க. தறி ஊர்ல ஆரம்பிச்ச சங்கதிதானுங்க இது. தையல் ஊர்ல தொடர்ந்தா என்ன தப்பு?

சரி, இதக் கேளுங்க.

[லூப் ஓடுகிறது]

இது எங்க ஓவர்லாக். சாப்பாட்டு நேரத்துல, சூப்பர்வைசர்கிட்டக் கேட்டுட்டு, ஒரே ஒரு மெஷின மட்டும் ஓட்டச் சொல்லிப் போன்ல புடிச்சேன். நிமிசத்துக்கு 6,000 தையல்னா நொடிக்கு 100. நொடிக்கு 100 அதிர்வுன்னா 100 ஹெர்ட்ஸ், அது ஒரு சுரமுங்க. பாடறவங்க அஞ்சு கட்டை சுருதின்னு சொல்றாங்கல்ல, அதோட 'ச' கீழ்ஸ்தாயியில 98 ஹெர்ட்ஸ். மயிரிழைதான் வித்தியாசம். பெடல மிதிக்கறப்ப சத்தம் கீழிருந்து வழுக்கிக்கிட்டு மேல ஏறுதில்ல, விடறப்ப எறங்குது. மிதிக்கற அக்காவுக்கு அக்கா வேற மாதிரி ஏறும். எந்த சிந்தசைசர்லயும் அத நான் போடல, அவங்க கால்லருந்து வந்தது.

அடிக்கறது என்னன்னா, கிக், அதாவது கனமான ட்ரம் அடி, ஒரு சுத்துக்குப் பதினாறு கட்டம். ஓவர்லாக் பதினாலு கட்டம், ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபு, தகிட தகதிமி, அத ரெட்டிச்சது. ரெண்டும் ஒண்ணா ஆரம்பிச்சு, விலகி விலகிப் போயி, 112 கட்டம் கழிச்சுத்தான் மறுபடி ஒண்ணாச் சேரும். 120 பிபிஎம்ல, அதாவது நிமிசத்துக்கு 120 அடி, அடிக்கு நாலு கட்டம்னா, சரியா 14 நொடி. சேர்ற எடத்துல கேளுங்க... இப்ப... அந்தா.

[லூப் மறுபடி ஓடுகிறது]

ஹை-ஹாட் இப்பவும் ரெண்டு டெசிபல் தூக்கலா இருக்குங்க, எனக்கே தெரியுது. வெள்ளிக்கிழமை ராத்திரி கைய வெச்சுட்டேன், வெச்சிருக்கக் கூடாது. இப்பக் கொறச்சுட்டுப் போடறேன்.

தண்ணி வந்துருச்சு, குடம் எடுக்கோணும். அடுத்த வாரம் ஷிப்மெண்ட் இருக்கறதால வீடியோ வராதுங்க. அதுக்கு அடுத்த ஞாயிறு பாக்கலாம்.