பசியாறியாச்சா என்று கேட்கும் ஊரில்

(மலேசியாவில், பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, புதிதாக நீரிழிவு கண்டறியப்பட்டவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் நடந்த கூட்டத்தில் பேசியது. எழுதும்போது கொஞ்சம் ஒழுங்குபடுத்தியிருக்கிறேன்.)

அவைத் தலைவர் அவர்களே, பெரியவர்களே, தாய்மார்களே, யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கதவோரம் உட்கார்ந்திருக்கும் தம்பிகளே, எல்லாருக்கும் வணக்கம்.

நான் டாக்டர் இல்லை. தமிழ்ப்பள்ளியில் முப்பத்து நான்கு வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். இங்கே நின்று பேச எனக்கு இருக்கும் ஒரே தகுதி, பதினோரு வருடமாக நான் ஓர் இனிப்பு நீர்க்காரன். அதில் முதல் வருடத்தை முழுசாகப் பாழாக்கியவன். அந்தப் பாழான வருடத்தைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன்.

ராத்திரி நாலு தடவை எழுந்து பாத்ரூம் போவேன். ஏர்கோன் குளிர்ச்சி என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்து, ஏர்கோனை விற்கலாமா என்றுகூட யோசித்தேன். கடைசியில் அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானில் ஒரு வெள்ளி கட்டி, ரத்தம் கொடுத்து வந்தேன். அடுத்த வாரம் போனால் ஓர் இளம் மலாய் டாக்டர். கம்ப்யூட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சிக்கு (வாத்தியாரே), 9.8" என்றார். பத்துக்கா என்று கேட்டேன். கணக்கு வாத்தியார் புத்தி! நல்ல மார்க் என்றே நினைத்துவிட்டேன்.

எச்பிஏ1சி என்று அதற்குப் பேர். ரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும். அத்தனை நாளும் ரத்தத்தில் ஓடிய சீனி அதில் ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் இரண்டு மூன்று மாதத்துச் சராசரி தெரிந்துவிடும். நம் நாட்டு வழிகாட்டியில் 6.3ஐத் தொட்டாலே நீரிழிவு. வெறும் வயிற்று அளவு என்றால் 7.0.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டுக் காணொளிகளில் ரத்தச் சீனியை 126, 200 என்று பேசுவார்கள். நம் கிளினிக்கில் 7, 11.1 என்பார்கள். இரண்டும் ஒன்றுதான், அளவுகோல்தான் வேறு. நம் எண்ணை 18ஆல் பெருக்கினால் அவர்கள் எண் வந்துவிடும். "எனக்கு வெறும் பதினாலுதான், ஊரில் அண்ணனுக்கு நூத்தி நாப்பது" என்று ஒருவர் என்னிடம் சந்தோஷப்பட்டார். பதினாலு என்றால் இருநூற்று ஐம்பத்திரண்டு ஐயா. அண்ணன் உங்களைவிடத் தேவலை.

சரி, கதைக்கு வருகிறேன். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார், ஒரு சிகிச்சைப் புத்தகமும் கொடுத்தார். அந்தப் புத்தகத்தை நான் எங்கே வைத்தேன் தெரியுமா? காரில், டேஷ்போர்டு அறையில், இன்சூரன்ஸ் காகிதத்துக்கு அடியில். மாத்திரை பள்ளிக்கூடப் பையில், கலர்ச் சாக்கட்டிப் பெட்டிக்குள். வீட்டுக்காரிக்குத் தெரியாது, பிள்ளைகளுக்குத் தெரியாது. ஏன் மறைத்தேன் என்று இப்போது கேட்டால் ஒழுங்கான பதில் இல்லை. என் அப்பாவுக்குக் கால் விரல் எடுத்தார்கள். அப்போது சொந்தக்காரர்கள் எங்கள் வீட்டில் உட்கார்ந்து பேசிய பேச்சு எனக்கு மறக்கவில்லை. "வாயைக் கட்ட முடியல, இப்ப விரல் போச்சு" என்றார்கள். நோயாளியைக் குற்றவாளியாக்கும் அந்தப் பேச்சுக்குப் பயந்தேன் என்று நினைக்கிறேன்.

மறைத்தால் என்ன ஆகும்? எல்லா வீட்டிலும் முன்போலவே சாப்பிட வேண்டும். நம் ஊரில் வணக்கம் சொல்வதற்கு முன்பே "பசியாறியாச்சா?" என்றுதானே கேட்கிறோம். இல்லை என்றால் தட்டு வரும், ஆச்சு என்றால் தேத்தண்ணி வரும். தீபாவளிக்கு ஆறு வீடு போனேன், ஆறு லட்டு. கிளினிக் தேதி வந்தால் மட்டும் மூன்று நாள் முன்னதாகச் சோற்றைக் குறைத்து நல்ல பிள்ளையாகிவிடுவேன். பரீட்சைக்கு முதல் நாள் படிக்கிற மாணவனை எத்தனை தடவை திட்டியிருக்கிறேன்! இந்தப் பரீட்சையோ மூன்று மாதப் பாடத்தையும் கேட்கிறது. 9.8 பத்தரையானது. டாக்டர் இன்னொரு மாத்திரை சேர்த்தார். கிளிக்கிளசைட்.

அந்த மாத்திரையோடுதான் பட்டர்வொர்த்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். மதியம் விருந்து இருக்கிறதே என்று காலையில் பசியாறவில்லை. மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டேன். ஃபெர்ரி பாதிக் கடலைத் தாண்டியிருக்கும். பிடரியில் வியர்வை. காற்று அடிக்கிறது, சட்டையோ முதுகில் ஒட்டுகிறது. கை நடுங்குகிறது. பக்கத்தில் இருந்த நண்பர் ஏதோ கேட்க, காரணமே இல்லாமல் அவர்மேல் எரிந்து விழுந்தேன். அவர் பாவம், மாரடைப்பு என்று பயந்து கல்யாணப் பத்திரிகையால் விசிறினார், தண்ணீர் கொடுத்தார். தண்ணீர் எதற்கு ஆகும்? சீனி வேண்டும். அது எனக்குத் தெரியும், ஆனால் சொல்ல நாக்கு வரவில்லை. எதிர் இருக்கையில் ஒரு சீனத்துப் பாட்டி, பேரனோடு. என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "கென்சிங் மானிஸா?" என்று கேட்டார். இனிப்பு நீரா என்று அர்த்தம். தலையை ஆட்டினேன். பேரன் கையிலிருந்த பாக்கெட் பானத்தை வாங்கி என் வாயில் வைத்தார். பையன் அழ ஆரம்பித்தான். எனக்கு இந்த நோய் இருக்கிறது என்று உலகத்தில் நான் முதன்முதலாக ஒப்புக்கொண்டது பேர் தெரியாத அந்தப் பாட்டியிடம்தான்.

நடந்தது தாழ்சர்க்கரை. அளவு 4க்குக் கீழே இறங்கினால் உடம்பு இப்படித்தான் கத்தும். மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும், கால் மணி நேரம் பொறுத்து மறுபடி பார்க்க வேண்டும், அப்புறம் ஏதாவது சாப்பிட வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். உடனே 999ஐக் கூப்பிடுங்கள். நீரிழிவுக்குப் பெரும்பாலும் முதலில் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இது அரிது. கிளிக்கிளசைட் மாதிரி மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பாட்டைத் தள்ளிப்போடக் கூடாது, சட்டைப் பையில் இரண்டு மிட்டாய் வேண்டும். இதோ என்னிடம் இருக்கிறது.

அன்று ராத்திரி காரிலிருந்து புத்தகத்தை எடுத்துவந்து வீட்டுக்காரி முன்னால் வைத்தேன். ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார், தேதிகளைப் பார்த்தார். "ஒரு வருஷமா வாரா வாரம் கேசரி கிண்டிப் போட்டேனே, வாயத் திறந்து ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்றார். அவர் அழுதது என் நோய்க்காக இல்லை, அந்தக் கேசரிக்காக.

மறுநாளே அவர் ஒரு மீட்டர் வாங்கி வரச் சொன்னார். அதன்பிறகு எங்கள் வீடு ஓர் ஆராய்ச்சிக்கூடம். தோசை மூன்று, டின் பால் ஊற்றிய தேத்தண்ணி ஒன்று: இரண்டு மணி நேரம் கழித்து 13.6. இன்னொரு நாள் தோசை இரண்டு, அவித்த முட்டை ஒன்று, காய் நிறையப் போட்ட சாம்பார், பாலும் சீனியும் இல்லாத தே ஓ: 9.1. அதே சாப்பாடு, சாப்பிட்டதும் இருபது நிமிடம் நடை: 8க்கும் கீழே. இது என் விரல் சொன்ன கணக்கு, உங்கள் விரல் வேறு சொல்லலாம். ஆனால் ஒன்று புரிந்தது. என்னைக் கெடுத்தது லட்டு மட்டும் இல்லை. லட்டு வருடத்துக்கு ஒரு தடவை வருகிறது, சோறும் தேத்தண்ணியும் தினமும் வருகின்றன.

மாமாக் கடையில் தேத்தண்ணிக்கு "கூராங் மானிஸ்", அதாவது இனிப்பு கம்மி, என்று கேட்டுவிட்டுத் திருப்திப்படுகிறவர்கள் கை தூக்குங்கள். நிறையப் பேர். அந்த டின் பாலிலேயே கிட்டத்தட்டப் பாதி சீனி. கடைக்காரர் குறைப்பது மேலே போடுகிற சீனிக் கரண்டியைத்தான். 2019 ஜூலையில் இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 காசு வரி வந்தது, அப்புறம் அதைக் கூட்டினார்கள், நல்ல காரியம். ஆனால் அது ஆலையில் அடைத்து வரும் டின்னுக்கும் போத்தலுக்கும்தான். கடைக்காரர் நம் கண்முன்னால் ஆற்றிக் கொடுக்கும் கிளாஸுக்கு வரி கிடையாது. "கோசோங்", அதாவது சீனியே வேண்டாம், என்று சொல்லப் பழகுங்கள். முதல் இரண்டு வாரம் கஷாயம் மாதிரி இருக்கும். அப்புறம் தேயிலைக்கு ஒரு மணம் இருப்பதே தெரிய வரும்.

சோற்றுக்குச் சுகாதார அமைச்சு சொல்லும் "சுகு சுகு செப்பாரோ" (கால், கால், பாதி) போதும். தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ பருப்போ, பாதித் தட்டு காயும் பழமும். சோற்றில் குழம்பை அள்ளி ஊற்றும் நாசி கண்டார் கடையில் இது நடக்குமா என்று கேட்காதீர்கள், நடக்கும். சோறு பாதி, வெண்டைக்காய் இரண்டு பங்கு, குழம்பை "பஞ்சிர்" (வெள்ளம்) ஆக விடாமல் ஓரத்தில். கடைக்காரர் முதல் தடவை முறைப்பார், மூன்றாம் தடவை அவரே போட்டுவிடுவார். கருப்பட்டி, குலா மலாக்கா என்கிற தென்னஞ்சர்க்கரை, தேன் எல்லாம் "நாட்டுச் சர்க்கரை, ஒன்றும் செய்யாது" என்பவர்களிடம் என் மீட்டரைக் காட்டுகிறேன்.

ஒரு சின்ன விலகல். 19ஆம் நூற்றாண்டில் செபராங் பிறைக்கும் பத்து காவானுக்கும் தமிழர்களைக் கப்பலில் கொண்டுவந்தது எதற்கு? கரும்புத் தோட்டத்துக்கு. அப்புறம் ரப்பர். விடியுமுன் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும்போது நம் தாத்தாக்கள் குடித்தது திக்கான சீனி போட்ட வரக்கோப்பிதான். அவர்கள் அதை மரத்துக்கு மரம் நடந்தே எரித்தார்கள். நாம் கோப்பியை வைத்துக்கொண்டோம், நடையை விட்டுவிட்டோம். 2023 தேசிய ஆய்வுப்படி நாட்டில் பெரியவர்கள் ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு, இனவாரியாகப் பார்த்தால் நாம்தான் முன்னால். அதற்கு மரபும் ஒரு காரணம், பழக்கமும் ஒரு காரணம். வாயைக் கட்டாதது மட்டும்தான் காரணம் என்று என் அப்பாவைப் பேசியவர்களுக்கு இதைச் சொல்ல ஆசை. அவர்களில் பலர் இப்போது இல்லை.

மாத்திரை விஷயம். "மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுக்கும்" என்று வாட்ஸ்அப்பில் வரும். கெடுப்பது கட்டுப்படாத சீனியும் ரத்த அழுத்தமும். சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானவருக்கு டாக்டர் அந்த மாத்திரையைக் குறைப்பார் அல்லது நிறுத்துவார். அதைப் பார்த்துவிட்டு மாத்திரையால்தான் பழுதாச்சு என்று ஊர் முடிவுகட்டிவிட்டது. மலேசியாவில் புதிதாக டயாலிசிஸுக்கு வருகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் நீரிழிவால்தான் வருகிறார்கள். வயிற்றைப் புரட்டினால் சாப்பாட்டோடு சேர்த்துப் போடுங்கள், அப்படியும் தாங்கவில்லை என்றால் மெதுவாகக் கரையும் வகை உண்டு, கேட்டு வாங்குங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இனி தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வருகிறேன், ஏனென்றால் தைப்பூசம் வந்தால் எனக்குப் பயம். என் பக்கத்து வீட்டுப் பெரியவர் பால்குடம் எடுத்தார். வெயிலில் கொதிக்கும் தாரில் வெறுங்கால் நடை, அப்புறம் ஐந்நூறுக்கு மேல் படி. "இந்த வருஷம் சூடே தெரியல, முருகன் அருள்" என்று பூரித்துப்போய் வீட்டுக்கு வந்தார். குளித்துவிட்டு நடந்தபோது பேத்திதான் தரையில் ஈரச் சிவப்புத் தடத்தைப் பார்த்தாள். இரண்டு பாதமும் கொப்புளம் வெடித்துக் கிடந்தது. சூடு தெரியாமல் போனது நீரிழிவில் நரம்பு மரத்துப்போனதால். புண் ஆற நாலு மாதம். கிளினிக்கில் ஒரு மெல்லிய நைலான் இழையைப் பாதத்தில் அழுத்தி "தெரிகிறதா?" என்று கேட்பார்கள். பலர் விளையாட்டு என்று நினைத்து ஆமாம் ஆமாம் என்கிறார்கள். உண்மையைச் சொல்லுங்கள். கண்ணைப் படம் எடுப்பதும் சிறுநீர்ச் சோதனையும் அதே மாதிரி வருடம் ஒரு தடவை.

வேண்டுதலை விடுங்கள் என்று சொல்ல நான் யார்? ஆனால் மலாய்க்கார நண்பர்கள் ரமலானுக்கு முன்பே டாக்டரிடம் போய், மாத்திரையை எந்த நேரத்துக்கு மாற்றலாம் என்று கேட்டுக்கொள்கிறார்கள். நாம் 48 நாள் ஒருவேளைச் சாப்பாட்டில் விரதம் இருக்கிறோம், டாக்டருக்கு ஒரு வார்த்தை சொல்வதில்லை. அதையும் மறைக்கிறோம்.

விருந்துக்குப் போகும் இடத்தில் எப்படி மறுப்பது என்று ஒரு தங்கச்சி சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். "அப்புறம் சாப்பிடுறேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள், பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். நான் இப்போது வாசலிலேயே சொல்கிறேன்: "எனக்கு இனிப்பு நீர், பாயசம் வேணாம். அந்த முறுக்கு ஒண்ணு கொடுங்க." கொடுக்க வந்தவர் வெறுங்கையோடு திரும்பக் கூடாது, அவ்வளவுதான் அவர்களுக்கு வேண்டியது. சொன்ன பிறகு நடப்பது என்ன தெரியுமா? அந்த வீட்டிலேயே இரண்டு பேர் சமையலறைப் பக்கம் கூட்டிப்போய், மெதுவான குரலில், "உங்களுக்கு எவ்வளவு இருக்கு?" என்று கேட்கிறார்கள்.

கேள்வி நேரம். பின்னால் அந்த அம்மா கை தூக்கிக்கொண்டே இருக்கிறார், கேளுங்கள்.

டுரியான். எதிர்பார்த்தேன்.

கட்டுப்பாட்டில் இருப்பவர் என்றால் இரண்டு சுளை, சின்னதாக. அன்று மதியம் சோற்றில் பாதியைக் கழித்துவிடுங்கள், இரண்டு மணி நேரம் கழித்து மீட்டரில் பாருங்கள். என்னம்மா? சத்தமாகச் சொல்லுங்கள், எல்லாருக்கும் கேட்கட்டும்.

"ரெண்டு சுளைக்கு எவன் டுரியான் விளையுற பாலிக் புலாவ் வரைக்கும் போவான் வாத்தியாரே" என்கிறார்.

நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள் அம்மா. பழம் ஒன்று வாங்கினால் போதும்.