பைபிளில் அலெக்சாண்டர் ஏன் இல்லை?

காட்பாடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "ஐயா, பைபிளில் சீனா இல்லை, சிந்துவெளி இல்லை, அலெக்சாண்டர் பேர்கூட இல்லை. உலகத்தைப் படைத்தவர் தந்த புத்தகம் உலக வரலாற்றை ஏன் இப்படி விட்டுவிட்டது?" இரண்டு நாளாக இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை.

அலெக்சாண்டரை முதலில் முடித்துவிடுவோம். தானியேல் புத்தகம் 8-ம் அதிகாரத்துத் தரிசனத்தில் வெள்ளாட்டுக்கடாவின் பெரிய கொம்பாக வருகிறார், பெயர் இல்லை. கத்தோலிக்க பைபிளில் மக்கபேயர் முதல் நூல் அவரை வைத்தே தொடங்குகிறது. சரி, அதை விடுங்கள்.

சொந்த வரலாற்றையே விட்டிருக்கிறதே! நான் எங்கே சுற்றினாலும் இஸ்ரவேலை ஆண்ட உம்ரி ராஜாவிடம் வந்து நிற்பேன் என்று பழைய நேயர்களுக்குத் தெரியும். தலைநகரம் சமாரியாவைக் கட்டியவர். அவர் செத்து நூறு வருஷம் கழித்தும் அசீரியர்கள் இஸ்ரவேலை 'உம்ரியின் வீடு' என்றே எழுதினார்கள். பைபிளில் அவர் ஆட்சிக்கு ஆறு வசனம். மகன் ஆகாப் கி.மு. 853-ல் அசீரியர்களை எதிர்த்துக் கர்கார் போருக்கு 2,000 ரதங்களோடு வந்ததாக அசீரிய ராஜா மூன்றாம் சல்மனாசாரின் கல்வெட்டு சொல்கிறது. பைபிளில் அதைப் பற்றி மூச்சே இல்லை. ஆனால் அதே ஆகாப் நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தைப் பறித்த கதைக்கு முழுசாக ஓர் அதிகாரம்!

விட்டதை மறைக்கவும் இல்லை. உம்ரியின் மற்ற நடபடிகள் "இஸ்ரவேல் ராஜாக்களின் நாளாகமப் புஸ்தகத்தில் அல்லவோ எழுதியிருக்கிறது" என்கிறது. அங்கே போய்ப் பார்த்துக்கொள் என்று அர்த்தம். (அது நம் பைபிளில் இருக்கும் நாளாகமம் இல்லை, அந்தப் புத்தகம் தொலைந்துபோனது.)

என் தாத்தா பேரணாம்பட்டில் டேனரி வேலைக்காரர். அவருடைய பைபிளின் முதல் பக்கத்தில் பிறப்பு, ஞானஸ்நானம், கல்யாணம் எல்லாம் காப்பி பென்சிலில் இருக்கும். 1947 ஆகஸ்டுக்கு ஒரே வரி: "செவலைப் பசு கன்று ஈன்றது." சுதந்திரம் வந்தது தெரியாதவரா? விடியவிடிய ரேடியோ முன்னால் நின்ற மனுஷன். அது ஊருக்கே தெரியும், எழுதுவானேன்? பசு எங்கள் வீட்டுப் பசு.

தம்பி, நீங்கள் கேட்டிருக்க வேண்டியது இதைத்தான்: இத்தனையை விட்ட புத்தகம் எதை விடாமல் வைத்துக்கொண்டது? யோப்பா ஊரில் இயேசுவின் சீடர் பேதுரு தங்கியது தோல் பதனிடும் சீமோன் வீட்டில். ஆளின் தொழிலை அப்போஸ்தலர் நடபடிகள் மூன்று தடவை சொல்கிறது. வீடு கடலோரம் என்று அடையாளம் வேறு! அன்றைக்கு யூதர்கள் கீழாகப் பார்த்த தொழில் அது. நம் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. டேனரி வாசலைத் தாண்டும்போது பஸ் ஜன்னலை இழுத்து மூடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அப்படிப்பட்ட வீட்டு மாடியில்தான் பேதுரு, "தேவன் சுத்தமாக்கினவைகளை நீ தீட்டாக எண்ணாதே" என்ற சத்தத்தைக் கேட்டார்.

தாத்தாவின் பைபிளில் அந்த மூன்று இடத்திலும் அதே காப்பி பென்சில் கோடு இருக்கிறது.