கடலோரத்துல காவல்காரன் போட்ட பாதை

எல்லாருக்கும் வணக்கம். மைக் கொஞ்சம் கரகரங்குது, பின்னாடி உக்காந்திருக்கறவங்களுக்கு கேக்குதா? சரி. நோட்டீஸ்ல "எனது இங்கிலாந்து சுற்றுலா"ன்னு தலைப்பு போட்டுட்டாங்க, அதை நம்பி வந்தவங்க மன்னிக்கணும், லண்டன்ல நான் இருந்தது ஒன்றரை நாள், அதுலயும் பாதி தூக்கம். மீதி எட்டு நாளும் கார்ன்வால்ல கடலோரப் பாறை மேல நடந்துகிட்டே இருந்தேன், அதைப் பத்திதான் பேசப் போறேன்.

கார்ன்வால்னா இங்கிலாந்து மேப்ல தென்மேற்கு மூலைல ஒரு கால் மட்டும் கடலுக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்கும் பாருங்க, அது. அந்தக் கரையை ஒட்டியே ஒரு நடைபாதை போகுது, சவுத் வெஸ்ட் கோஸ்ட் பாத்னு பேரு. மைன்ஹெட்ங்கற ஊர்ல ஆரம்பிச்சு பூல் துறைமுகத்து வாய்க்கிட்ட முடியுது, மொத்தம் 630 மைல், நம்ம கணக்குல ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல. ஏறி இறங்கற உயரத்தை எல்லாம் கூட்டினா எவரெஸ்ட்டை கிட்டத்தட்ட நாலு தடவ ஏறின கணக்காம். நான் நடந்தது அதுல ஒரு சிட்டிகை மூக்குப்பொடி அளவு, அதுக்கே முட்டி ரெண்டும் இன்னும் பேசிக்கிட்டு இருக்கு.

முதல் நாளே எனக்கு அந்தப் பாதை மேல கோவம் வந்துச்சு. எதிர்ல அடுத்த முனை தெரியுது, கல்லை விட்டெறிஞ்சா விழும் போல இருக்கு, ஆனா பாதை நேரா போகாது, சரசரன்னு ஒரு பள்ளத்துல இறங்கும், ஓடையைத் தாண்டும், மறுபடி அதே உயரத்துக்கு ஏறும், ஏறி மூச்சு வாங்கி நின்னா அங்க இன்னொரு பள்ளம். எவன்டா இந்த ரூட்டைப் போட்டான்னு கேட்டா, போட்டது கோஸ்ட்கார்டு. அந்தக் காலத்துல டீ, பிராந்தி, புகையிலை எல்லாத்துக்கும் ஏகப்பட்ட வரி, அதனால கடத்தல் சக்கைபோடு போட்டுச்சு. 1822ல கோஸ்ட்கார்டுன்னு ஒரு படையை வச்சாங்க, அவன் வேலை தினமும் கரையோரமா நடந்து ஒவ்வொரு சின்னக் குடாவையும் எட்டிப் பாக்கறது. எட்டிப் பாக்கணும்னா விளிம்புக்குப் போயே ஆகணும்ல? அதான் பாதை அப்படி வளையுது. நாம "ஆஹா என்ன வியூ"ன்னு செல்ஃபி எடுக்கற இடம் எல்லாம் ஒரு ஏழை காவல்காரன் மழைல நின்னு கடத்தல் படகைத் தேடின இடம்.

அவனுக்கு மட்டும் இல்ல, மீன்காரங்களுக்கும் மேட்டுல வேலை இருந்துச்சு. ஒருத்தர் மேல நின்னு கடலையே பாத்துக்கிட்டு இருப்பார், தண்ணி நிறம் மாறி மத்தி மாதிரி மீன் கூட்டம் வந்தா "ஹெவா, ஹெவா"ன்னு கத்துவார், கீழ ஊரே வலையோட ஓடும். நியூகேன்னு ஒரு ஊர்ல அவர் நின்ன குடிசை இன்னும் வெள்ளையடிச்சு நிக்குது.

நாங்க செயின்ட் ஐவ்ஸ்ல இருந்து ஜென்னர் வரைக்கும் நடந்தோம், ஆறரை மைல்தான், மூணு மணி நேரம்னு நெனச்சு கிளம்பினோம், அஞ்சரை ஆச்சு. பாறை மேல பாறை, நடுவுல சேறு. ரெண்டு பக்கமும் கார்ஸ்னு ஒரு முள்ளுப் புதர், மஞ்சப் பூ. வெயில் பட்டதும் அந்தப் பூவுல இருந்து ஒரு வாசனை கிளம்பிச்சு பாருங்க, சத்தியமா தேங்கா! தேங்கா பர்ஃபியா எண்ணெயான்னு நானும் என் வீட்டம்மாவும் வாக்குவாதமே பண்ணோம். அங்க இருக்கறவங்களும் அது தேங்கா வாசனைன்னுதான் சொல்றாங்க, ஆனா தென்னை மரமே இல்லாத ஊர்ல மூக்குல தேங்கா ஏறினா ஒரு மாதிரி வீட்டு ஞாபகம் வந்துடுது.

ஜென்னர்ல இருந்து திரும்பும்போது மேல வயல் வழியா வந்தோம். இங்க ஒரு விஷயம் சொல்லணும். அது முழுக்க தனியார் வயல், மாடு மேயுது, ஆனா நடுவுல நாம போகலாம், யாரும் எதுவும் கேக்க முடியாது, சட்டப்படி அது பொதுவழி. 1949ல ஒரு சட்டம் போட்டு ஊர் ஊரா எது எது பொதுவழின்னு மேப்ல குறிக்க வச்சாங்க, குறிச்சாச்சுன்னா நிலத்துக்காரர் அடைக்க முடியாது. நாமளும் அந்த வழியை விட்டு விலகி பயிர்ல இறங்கக் கூடாது, கேட்டைத் திறந்தா மூடணும், நாயைக் கட்டிப் பிடிக்கணும். ஒவ்வொரு வயல் எல்லைலயும் கல்லு வரப்பு, அதுல ஆள் தாண்ட ஒரு வழி. எப்படின்னா, தரைல ஒரு குழி, குழிக்கு மேல நீளமான கிரானைட் துண்டுகளை இடைவெளி விட்டு வரிசையா போட்டிருக்கான். நாம துண்டு துண்டா கால் வச்சுத் தாண்டிடலாம், மாட்டுக்கு குளம்பு உள்ள போயிடுமோன்னு பயம், அது தாண்டாது. பூட்டு இல்ல, கதவு இல்ல, தேஞ்சு போற சாமானே இல்ல. என் அப்பா பாத்திருந்தா அதே இடத்துல உக்காந்து அளவு எடுத்திருப்பார்.

விளிம்புல புல்லு தொங்கற இடத்துல மட்டும் நிக்காதீங்க, கீழ மண்ணே இருக்காது, வெறும் புல் வேர்தான் பிடிச்சுக்கிட்டு இருக்கும். கரை இடிஞ்சு பாதையே கடலுக்குப் போற இடமும் உண்டு. முன்னாடி எல்லாம் அப்படி ஆனா பாதையை உள்ள தள்ளிப் போட பேச்சுவார்த்தை இழுத்துக்கிட்டே போகும், 2009ல வந்த சட்டத்துல கரை பின்வாங்கினா பாதையும் கூடவே பின்வாங்கலாம்னு வழி வச்சிருக்காங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச ஏற்பாடு இது.

சரி, நான் கார்ன்வாலுக்கு ஏன் போனேன்? இங்க பாதி பேர் கோலார் தங்கவயல் ஆளுங்க, உங்களுக்குத் தெரியும். 1880ல ஜான் டெய்லர் கம்பெனி வந்து கோலார்ல சுரங்கத்தை எடுத்து நடத்தினப்போ, பாறை உடைக்கத் தெரிஞ்ச வெள்ளைக்காரங்கன்னு கூட்டிட்டு வந்தது நெறைய கார்ன்வால் ஆளுங்களை. அங்க செம்பு விலை விழுந்து, அப்புறம் தகர விலையும் விழுந்து, ஊர் ஊரா கப்பல் ஏறினாங்க, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, மெக்சிகோ, தங்கவயல்ல நம்ம மாரிக்குப்பம். அவங்களோட கீழ இறங்கினது வட ஆற்காட்டுல இருந்து பஞ்சத்துக்குத் தப்பி வந்த நம்ம ஆளுங்க. என் தாத்தா சொல்வார், "துரைக்கு இங்கிலீஷே சரியா வராதுடா"ன்னு. அது கார்ன்வால் கொச்சைன்னு எனக்கு இப்பதான் புரியுது.

கார்ன்வால்ல பொட்டாலக்னு ஒரு இடம், பாறை கடலுக்குள்ள இறங்கற அந்தக் கடைசி நுனில ரெண்டு இஞ்சின் வீடு, அதாவது சுரங்கத்தோட நீராவி இஞ்சினை வச்சிருந்த கட்டடம், கூரை இல்லாம கல்லுச் சுவரும் புகைபோக்கியும் மட்டும் நிக்குது. சுரங்கம் கடலுக்கு அடியில போகுது, புயல் நாள்ல தலைக்கு மேல கடல் தரைல பாறாங்கல்லு உருள்ற சத்தம் கேக்குமாம். ராக் பர்ஸ்ட், அதான் சுரங்கத்துல பாறை திடீர்னு வெடிக்கறது, அந்தச் சத்தம் கேட்ட வீட்டுல பொறந்தவங்களுக்கு இது என்னன்னு நான் சொல்ல வேண்டாம்.

அங்க இருந்து கொஞ்ச தூரம் நடந்தா லெவன்ட். அங்க சுரங்கத்துக்குள்ள ஆளுங்களை ஏத்தி இறக்க மேன் இஞ்சின்னு ஒண்ணு ஓடிச்சு. நம்ம ஊர் கேஜ், அந்த இரும்புக் கூண்டு மாதிரி இல்ல. ஷாஃப்ட், அதாவது கீழ இறங்கற சுரங்கக் குழி முழுக்க ஒரே நீள மரக்கம்பம், 12 அடி மேல போகும், 12 அடி கீழ வரும், அவ்வளவுதான். கம்பத்துல படி இருக்கு, சுவர்ல தட்டு இருக்கு. கம்பம் மேல போகும்போது படில நிக்கணும், நின்னதும் தட்டுல தாவணும், கம்பம் இறங்கி வந்ததும் அடுத்த படில தாவணும், இப்படியே இருட்டுல தாவித் தாவி மேல வரணும். 1919 அக்டோபர் 20, ஷிஃப்ட் முடிஞ்சு ஆளுங்க வரிசையா ஏறிக்கிட்டு இருக்காங்க, மேல இஞ்சினோட கம்பத்தைப் பிடிச்சிருந்த இணைப்பு விட்டுப் போச்சு. 31 பேர் செத்துட்டாங்க. அப்புறம் ஆழமான மட்டத்துக்கு யாரும் போகல, 1930ல மூடிட்டாங்க.

அங்கயே 1840ல செஞ்ச இன்னொரு நீராவி இஞ்சினை ரிப்பேர் பண்ணி வச்சிருக்காங்க. உள்ள போனதும் சூடான எண்ணெய் வாசனை. தாத்தா சட்டைல இருந்த வாசனை அது, பாட்டி எத்தனை தடவ துவைச்சாலும் போகாது. நான் அங்க ரொம்ப நேரம் நின்னுட்டேன். வீட்டம்மா ரெண்டு தடவ கூப்பிட்டுட்டு வெளிய போயிட்டாங்க.

அதனால கடைசி பஸ் போயிடுச்சு. ஸ்டாப்ல ஒரு பேப்பர்ல இன்னொரு பஸ் டைம் எழுதியிருந்தது, அது வரவே இல்ல. பையில ஒரு பேஸ்டி மிச்சம் இருந்துச்சு, சுரங்கக்காரங்க கட்டிக்கிட்டு போற அதே மாட்டுக்கறி, உருளைக்கிழங்கு வச்ச சாப்பாடு, ஆறிப்போய் கல்லு மாதிரி. ஆளுக்குப் பாதியா பிச்சுத் தின்னுட்டு ரோட்டோரமா நடக்க ஆரம்பிச்சோம்.