சந்தேகங்களுக்கு விளக்கம்: அடுத்த மேனேஜர் யார் என்பதா கேள்வி?

வணக்கம். போன வீடியோவுக்குக் கீழே நிறையப் பேர் கேள்வி அனுப்பியிருந்தீர்கள். அதில் ஒரு தம்பியின் கேள்வி இரண்டு நாளாக என்னை விடவே இல்லை. அவர் கேட்டது இதுதான்: "அண்ணா, மான்செஸ்டர் யுனைடெட் தோற்கும்போதெல்லாம் நீங்கள் வீடியோ போட்டுப் புலம்புகிறீர்கள். நேராகச் சொல்லுங்கள், அடுத்து எந்த மேனேஜர் வந்தால் கிளப் சரியாகும்? இல்லையென்றால் வேறு அணிக்கு மாறிவிடலாமே?"

நியாயமான கேள்வி. புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வரி: மான்செஸ்டர் யுனைடெட் இங்கிலாந்தின் கால்பந்து கிளப், நான் அதன் ரசிகன்; மேனேஜர் என்றால் அணியை நடத்துகிற தலைமைப் பயிற்சியாளர். முதல் பாதிக்கு முதலில் வருகிறேன்.

யார் வந்தாலும் சரியாகாது, தம்பி. கோபத்தில் சொல்லவில்லை, கணக்கைப் பார்த்துத்தான் சொல்கிறேன். அலெக்ஸ் ஃபெர்குசன் 2013-இல் ஓய்வு பெற்றார். கிளப்பின் 20-ஆவது லீக் பட்டத்தை வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் போனார். அதற்கப்புறம் டேவிட் மோயஸ், ஆறு வருட ஒப்பந்தத்தில் வந்தவர், பத்து மாதத்தில் வெளியே. லூயி வான் கால், இங்கிலாந்தின் நாக்-அவுட் கோப்பையான எஃப்.ஏ. கப் வாங்கி இரண்டே நாளில் வெளியே. மொரின்யோ, சோல்ஷேர், டென் ஹாக், அப்புறம் ரூபன் அமோரிம். நடுவில் இடைக்காலமாக ரால்ஃப் ராங்னிக். அமோரிம் வரை நிரந்தரமாக மட்டும் ஆறு பேர். இந்த ஆறு பேரில் யாரும் முட்டாள் இல்லை. மொரின்யோ இங்கே வருவதற்கு முன்னாலேயே இரண்டு முறை சாம்பியன்ஸ் லீக் ஜெயித்தவர்.

சரி, பின் ஏன் இப்படி? ஒவ்வொருவரும் ஒரு விதமான ஆட்டம் கேட்டார்கள். வான் காலுக்குப் பந்து கையை விட்டுப் போகக் கூடாது. மொரின்யோவுக்கு முதலில் தடுப்பு பலமாக இருக்க வேண்டும். சோல்ஷேருக்கு வேகமான எதிர்த்தாக்குதல். டென் ஹாக் அயாக்ஸில் தனக்குப் பழக்கமான பையன்களைக் கேட்டார். அமோரிம் பின்னால் மூன்று பேர், பக்கத்துக்கு ஒரு விங் பேக் (ஓரத்தில் மேலும் கீழும் ஓடி ஆடுகிறவர்) என்று வந்தார். ஒவ்வொருவரும் கேட்டதற்குக் கிளப் காசு கொட்டியது. மேனேஜர் போய்விடுவார், வாங்கின ஆட்கள் மட்டும் நீண்ட ஒப்பந்தத்தோடு அங்கேயே இருப்பார்கள். ஆறு வீட்டுச் சாமான்களை ஒரே அறையில் அடைத்து வைத்த மாதிரி ஒரு அணி. புதிதாக வருகிறவர் அதற்குள் நுழைந்து என்ன செய்ய முடியும்?

ஆன்டனியை எடுத்துக்கொள்ளுங்கள். 2022-இல் அயாக்ஸிலிருந்து 8 கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்து வாங்கினார்கள். 2025 ஜனவரியில் ஸ்பெயினின் ரியல் பெட்டிஸுக்கு லோனில், அதாவது இரவலாக, அனுப்பினார்கள். அங்கே போனதும் பையன் சிரித்துக்கொண்டே ஆடுகிறான், அந்த அணி கான்ஃபரன்ஸ் லீக் இறுதிப் போட்டி வரை போகிறது. ஆன்டனிக்கு ஆட வரும் என்பது அங்கே தெரிந்துவிட்டது. இங்கே அவருக்கு என்ன வேலை என்று யாரும் முடிவு செய்யவே இல்லை.

2024-25 பருவம் உங்களுக்கெல்லாம் நினைவிருக்கும். 38 ஆட்டத்தில் 18 தோல்வி. 42 புள்ளி. 15-ஆம் இடம். 1974-இல் இரண்டாம் பிரிவுக்கு இறங்கினோமே, அதற்கப்புறம் இதுதான் மிக மோசமான இடம். அதே பருவத்தில் பில்பாவோவில் யூரோப்பா லீக் இறுதிப் போட்டி. எதிரணி டாட்டன்ஹாம், லீகில் நமக்கும் கீழே, 17-ஆம் இடம். அவர்களிடமும் 1-0 தோல்வி. அடுத்த ஆகஸ்டில் லீக் கப்பில் கிரிம்ஸ்பி டவுன், அப்போது நான்காம் அடுக்கில் ஆடிய கிளப், பெனால்டியில் 12-11 என்று நம்மை வெளியே அனுப்பியது. அந்த இரவு எனக்கு வந்த செய்திகளில் பாதிக்கு மேல் "மேனேஜரை மாற்று" என்பதுதான்.

நான் எப்போதும் சொல்வதுதான், பழைய நேயர்களுக்கு மனப்பாடமே ஆகியிருக்கும்: கோச்சைப் பார்க்காதீர்கள், பெஞ்சைப் பாருங்கள். பெஞ்சில் மாற்று வீரராக யார் உட்கார்ந்திருக்கிறார், அவர் எங்கிருந்து வந்தார், அடுத்த வருடமும் இங்கே இருப்பாரா?

இந்தக் கிளப்புக்கு ஒரு வழக்கம் உண்டு. 1937 அக்டோபரிலிருந்து இன்று வரை, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அறிவிக்கிற அணியில், கிளப்பின் சொந்த இளையோர் பயிற்சிப் பள்ளியான அகாடமியில் வளர்ந்த ஒருவராவது இருக்கிறார். 2019 டிசம்பரில் எவர்ட்டனுக்கு எதிராக ஆடியதோடு தொடர்ச்சியாக 4,000 ஆட்டம் ஆகிவிட்டது. போர் வந்தது. 1958-இல் மியூனிக் விமான விபத்து வந்தது, 23 உயிர்கள், அதில் எட்டு பேர் நம் வீரர்கள். இரண்டாம் பிரிவுக்குப் போனோம். அப்போதெல்லாம்கூட அந்தத் தொடர் அறுபடவில்லை. கோப்பைகளைவிட எனக்கு இதில்தான் பெருமை.

ஃபெர்குசன் கதையை எல்லாரும் பொறுமைக்கு உதாரணமாகச் சொல்வார்கள். 1986-இல் வந்தார், மூன்று வருடம் ஒன்றும் ஜெயிக்கவில்லை, 1989-இல் அதே ஊர்ப் போட்டி அணியான மான்செஸ்டர் சிட்டியிடம் 5-1 தோல்வி, போகச் சொல்லி மைதானத்தில் பேனரே பிடித்தார்கள். அந்தப் பருவம் லீகில் 13-ஆம் இடம். கிளப் பொறுத்துக்கொண்டது, அப்புறம் ஜெயித்தார். இதுவரை எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்த 1990-இல் அவரைக் காப்பாற்றியது யார்? எஃப்.ஏ. கப் மூன்றாம் சுற்று, நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கு எதிராக மார்க் ராபின்ஸ் போட்ட கோல். அந்த ஆட்டம் தோற்றிருந்தால் அவர் வேலை போயிருக்கும் என்று இன்றும் பேசுவார்கள். ராபின்ஸ் யார்? நம் அகாடமிப் பையன். அதே கப் இறுதிப் போட்டி சமனாகி, மறு ஆட்டம் வைத்தார்கள். கிரிஸ்டல் பேலஸுக்கு எதிராக ஒரே கோல். போட்டது லீ மார்ட்டின், இடது பின்களத்தில் ஆடியவர். அவரும் நம் அகாடமிதான். பொறுமையால் மட்டும் வந்த கோப்பை இல்லை அது. பொறுமையாக இருந்த காலத்தில் கீழே பையன்கள் தயாராகிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பாதியை விட்டுவிட்டுத்தான் எல்லாரும் கதை சொல்கிறார்கள். எனக்கு அதில் உண்மையிலேயே வருத்தம்.

ஆகவே தம்பி, நீங்கள் என்னிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. "நம் பையன்களை ஏன் விற்கிறோம்?" அதைக் கேளுங்கள், விடிய விடியப் பேசுகிறேன்.

2024 எஃப்.ஏ. கப் இறுதிப் போட்டியில் சிட்டிக்கு எதிராக நாம் போட்ட இரண்டாவது கோலைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். ராஷ்ஃபோர்டு குறுக்கே நீளமாக ஒரு பந்தைத் தள்ளுகிறார். கர்னாச்சோ அதை வாங்கி உள்ளே தருகிறார். புரூனோ ஃபெர்னாண்டஸ் பார்க்காமலே ஒரு தொடு. கோபி மைனூ வந்து அடிக்கிறார், வலைக்குள். புரூனோவைத் தவிர்த்தால் மூன்று பேரும் அகாடமி. கர்னாச்சோ பதினாறு வயதில் அத்லெடிகோ மாட்ரிட்டிலிருந்து வந்தவர்தான், ஆனால் இங்கே இளையோர் அணியில் ஆடி மேலே வந்தவர். மைனூவுக்கு அன்று 19 வயது. ஆட்டம் 2-1, கோப்பை நமக்கு. அடுத்த வருடம் ஆகஸ்டுக்குள் ராஷ்ஃபோர்டு முதலில் ஆஸ்டன் வில்லா, அப்புறம் பார்சிலோனா என்று லோனில் போய்விட்டார். கர்னாச்சோ செல்சிக்கு விற்கப்பட்டார். அந்த ஒரு கோலில் கால் வைத்த நான்கு பேரில் இரண்டு பேர் இல்லை.

காரணம் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். ஒரு வீரரை 8 கோடி பவுண்டுக்கு ஐந்து வருட ஒப்பந்தத்தில் வாங்கினால், அந்தச் செலவை ஒரே வருடத்தில் எழுத மாட்டார்கள். வருடத்துக்கு 1.6 கோடி என்று பிரித்து எழுதுவார்கள். இரண்டு வருடம் கழித்து அவர் மதிப்பு புத்தகத்தில் 4.8 கோடி. அன்று அவரை 4 கோடிக்கு விற்றால் கணக்கில் நஷ்டம். அகாடமிப் பையனுக்கு வாங்கிய விலை என்று ஒன்று கிடையாது, புத்தகத்தில் மதிப்பு பூஜ்யம். அவரை இரண்டரைக் கோடிக்கு விற்றால் இரண்டரைக் கோடியும் லாபம். 2025-26 பருவம் வரை, பிரீமியர் லீகின் பி.எஸ்.ஆர். என்ற நஷ்ட வரம்பு விதிப்படி மூன்று வருடத்தில் 10.5 கோடி பவுண்டுக்கு மேல் நஷ்டம் காட்டக் கூடாது என்றிருந்தது. அப்போது நெருக்கடியில் இருக்கிற கிளப் யாரை விற்கும்? வெளியிலிருந்து தப்பாக வாங்கியவரை விற்றால் நஷ்டம் எழுத வேண்டும். வீட்டில் வளர்ந்தவரை விற்றால் முழு லாபம். வாங்கியதில் செய்த தப்புக்கு வளர்ந்தவன் விலை கொடுக்கிறான்.

ஸ்காட் மெக்டோமினே ஐந்து வயதிலிருந்து இங்கே இருந்தவர். 2024 ஆகஸ்டில் சுமார் இரண்டரைக் கோடி பவுண்டுக்கு நாப்போலிக்குப் போனார். அடுத்த மே மாதம் நாப்போலி இத்தாலிய சாம்பியன். அந்தப் பருவத்தின் சிறந்த வீரர் விருது மெக்டோமினேவுக்கு. பட்டத்தை முடிவு செய்த கடைசி நாளில், காலியாரிக்கு எதிராக, காற்றில் படுத்தபடி ஒரு அடி அடித்தாரே, பார்த்தீர்கள்தானே? அதே மே மாதம் எஃப்.ஏ. கப்பை கிரிஸ்டல் பேலஸ் வாங்கியது. சிட்டியின் பெனால்டியைத் தடுத்த கோல்கீப்பர் டீன் ஹெண்டர்சன். அவரும் நம் அகாடமி.

அந்தோணி எலாங்கா கதை எனக்கு இன்னும் வலிக்கும். 2023-இல் சுமார் ஒன்றரைக் கோடி பவுண்டுக்கு ஃபாரஸ்டுக்கு விற்றோம். 2025 ஏப்ரல் 1, ஃபாரஸ்ட் மைதானம், ஐந்தாவது நிமிடம். கார்னர் நமக்கு. பந்து வெளியே வருகிறது, எலாங்கா தன் பாதியில் வாங்குகிறார், ஓட ஆரம்பிக்கிறார். பத்து நொடிக்குள் முழு மைதானத்தையும் கடந்து கோல். நம் ஆட்கள் பின்னாலேயே ஓடுகிறார்கள், எட்ட முடியவில்லை. 1-0, ஆட்டமே அவ்வளவுதான். என்னோடு பார்த்துக்கொண்டிருந்த என் தம்பி, "இவன் நம்ம பையன்தானே" என்று மட்டும் கேட்டான். நான் பதில் சொல்லவில்லை.

போக்பா விஷயத்தை ஏற்கனவே ஒரு வீடியோவில் சொல்லிவிட்டேன், ஆகவே சுருக்கமாக. 2012-இல் இலவசமாக விட்டோம், 2016-இல் 8 கோடியே 90 லட்சம் பவுண்டு கொடுத்துத் திரும்ப வாங்கினோம், 2022-இல் மறுபடி இலவசமாக விட்டோம்.

முதலாளிகளைப் பற்றிப் பேசவில்லை என்று சிலர் கோபப்படுவீர்கள். 2005-இல் கிளேசர் குடும்பம் சுமார் 79 கோடி பவுண்டுக்குக் கிளப்பை வாங்கியது. அதில் பெரும்பகுதி கடன், அந்தக் கடனைக் கிளப்பின் தலையிலேயே கட்டினார்கள். அதுவரை கடனே இல்லாத கிளப். வெறுத்துப்போன ரசிகர்கள் அந்த வருடமே எஃப்.சி. யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர் என்று சொந்தமாக ஒரு கிளப் தொடங்கினார்கள். இருபது வருடமாக வட்டி போகிறது. 2024 மே மாதம் ஆர்சனல் ஆட்டத்தன்று நம் மைதானமான ஓல்டு டிராஃபோர்டின் கூரையிலிருந்து மழைத்தண்ணீர் அருவி மாதிரி இருக்கைகள் மேல் கொட்டியது. அதே வருடம் நவம்பரில், மீதமிருக்கும் உறுப்பினர் டிக்கெட் எல்லாம் 66 பவுண்டு, குழந்தைக்கும் முதியவருக்கும் சலுகை கிடையாது என்று அறிவித்தார்கள். ஒரு அப்பா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வர 132 பவுண்டு. அந்தப் பிள்ளைகளில் ஒருவன்தானே நாளைக்கு அகாடமிக்கு வர வேண்டியவன்? எனக்கு இந்த இரண்டும் ஒரே பிரச்சினையாகத்தான் தெரிகிறது.

சரி, இரண்டாவது பாதி. வேறு அணிக்கு மாறலாமா?

நீங்கள் மாறினால் நான் தப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் 1974-ஐப் பாருங்கள். ஐரோப்பியக் கோப்பை ஜெயித்து ஆறே வருடம். ஓல்டு டிராஃபோர்டில் சிட்டிக்கு எதிரான ஆட்டம், சிட்டிக்காக ஆடும் டெனிஸ் லா குதிகாலால் தட்டி நமக்கு எதிராக கோல் போடுகிறார். யுனைடெட்டின் பெரிய நாயகன், முந்தின வருடம்தான் கிளப் இலவசமாக விட்டிருந்தது. அவர் கொண்டாடவே இல்லை, தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார். மற்ற ஆட்டங்களின் முடிவால் எப்படியும் இறங்கியிருப்போம், அது வேறு விஷயம். அடுத்த பருவம் இரண்டாம் பிரிவு. அந்த வருடம் இங்கிலாந்திலேயே சராசரியாக அதிகக் கூட்டம் எந்த மைதானத்துக்கு வந்தது தெரியுமா? ஓல்டு டிராஃபோர்டுக்கு. முதல் பிரிவில் இருந்த லிவர்பூலுக்குக்கூட அவ்வளவு இல்லை. மேனேஜர் டாமி டாக்கர்டியையும் மாற்றவில்லை. ஒரே வருடத்தில் பிரிவை ஜெயித்துத் திரும்பினோம்.

2022 மே மாதத்தையும் சொல்கிறேன். பெரியவர்கள் அணி கிளப்பின் மோசமான பருவங்களில் ஒன்றை முடித்துக்கொண்டிருந்தது. இளையோர் கப் இறுதிப் போட்டி ஓல்டு டிராஃபோர்டில். பையன்கள் ஆட்டம். வந்தவர்கள் 67,492 பேர். ஃபாரஸ்டுக்கு எதிராக 3-1, கர்னாச்சோ கோல், கிளப்புக்குப் பதினோராவது இளையோர் கப். இவ்வளவு பேர் எதைப் பார்க்க வந்தார்கள் என்று மேலே உட்கார்ந்திருக்கிறவர்கள் யாராவது யோசித்தார்களா?

நான் மாறப்போவதில்லை, தம்பி. அடுத்த ஆட்டம் போடும்போது அணிப் பட்டியல் வந்ததும் முதலில் பெஞ்சைப் பாருங்கள், அதில் அகாடமிப் பெயர்களைக் கீழே எழுதி அனுப்புங்கள். அடுத்த வீடியோவில் பி.எஸ்.ஆர். கணக்கைப் பலகையில் எழுதிக் காட்டுகிறேன், ஏனென்றால் இன்னும் மூன்று பேர் அதைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள்.